செதுக்காமல் பரங்கிக்காய் அலங்காரம்: நம்ம ஊர் வெக்கையில் ஒரு மாதம் தாங்குமா?

செந்தூல் மல்லிகை

எல்லாருக்கும் வணக்கம். கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் கொண்டோவின் (அடுக்குமாடிக் குடியிருப்பின்) கீழ்த்தளத்தில், லிஃப்டுக்கு எதிரே ஒரு நீண்ட மேசை இருக்கிறது. இந்த வருடம் (2025) சீனர்களின் நிலாத் திருவிழாவான மூன்கேக் திருவிழா அக்டோபர் 6, தீபாவளி அக்டோபர் 20, மாதக் கடைசியில் ஹாலோவீன். மூன்றுக்கும் தனித்தனியாகச் செலவு செய்ய நிர்வாகக் குழுவுக்கு மனமில்லை. "இலையுதிர் கால மூலை" என்று ஒன்றே ஒன்று, மாதம் முழுக்க நிற்கிற மாதிரி, பரங்கிக்காய் வைத்துச் செய்யலாம் என்று முடிவாகிவிட்டது. பொறுப்பு என் தலையில்.

நிபந்தனைகள் இவை. காயைச் செதுக்கக் கூடாது, நாற்றமும் ஈயும் வரும் என்று பாதுகாவலர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். பேய் முகம் வேண்டாம், சில குடும்பங்களுக்குப் பிடிக்காது. நான்கு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை பிள்ளைகள் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து செய்கிற வேலையாக இருக்க வேண்டும். முடிந்தால், எல்லாம் முடிந்த பிறகு காய் குப்பைக்குப் போகாமல் சமையலுக்குப் போக வேண்டும்.

சூப்பர் மார்க்கெட்டில் வெளிநாட்டு ஆரஞ்சுக் காய் பார்த்தேன். விலையைப் பார்த்து அப்படியே வைத்துவிட்டு வந்தேன். யாராவது வழி சொல்லுங்கள்.

சும்மா ஒரு கேள்வி

கோலாலம்பூரில் இலையுதிர் காலமா? சாயங்காலம் நான்கு மணிக்கு இடி இடித்து மழை கொட்டுகிற மாதத்துக்கு ஏன் இந்தப் பெயர்? கொலு வைக்கிற நேரத்தில் கொலுவை வையுங்கள், போதும்.

செந்தூல் மல்லிகை

அண்ணே, பெயர் வைத்தது குழு. நான் காய் வாங்கப் போகிறவள் மட்டும்தான்.

செலாயாங் காய்கறி

தங்கச்சி, அந்த ஆரஞ்சுக் காயை விட்டுவிடுங்கள். விலைக்காக மட்டும் சொல்லவில்லை. நான் மொத்தச் சந்தையில் காய் ஏற்றி இறக்குகிறவன், தினமும் கையில் பிடிப்பதை வைத்துச் சொல்கிறேன்.

நம்ம ஊர் பரங்கிக்காய், அதாவது லாபு இருக்கிறதே, பச்சையும் பழுப்புமாக, தட்டையாக, வரி வரியாக, அதன் மேல்தோல் கெட்டி. ஹாலோவீன் காய் வேறு இனம். அதைச் செதுக்குவதற்கென்றே வளர்க்கிறார்கள், சதை மெல்லிசு, உள்ளே பெரும்பாலும் காலி. நம்ம லாபுவும், சுரைக்காய் மாதிரி இருக்கிற பட்டர்நட்டும் ஒரே இனம். சேமித்து வைத்தால் ஆரஞ்சுக் காயைவிட இவைதான் அதிக நாள் நிற்கும்.

இன்னொன்று. கப்பலில் குளிரூட்டி வந்த காய், கடையிலும் குளிரிலேயே இருந்திருந்தால், வெளியே எடுத்ததும் சீக்கிரம் கெடும். பூசணிக் குடும்பத்துக்கே 10 டிகிரிக்குக் கீழே ஆகாது. தோலுக்கு உள்ளே அடிபட்டுவிடும், வெளியே தெரியாது. அதனால் வாங்கி வந்து பிரிஜ்ஜிலும் வைக்காதீர்கள்.

எடுக்கும்போது பார்க்க வேண்டியது:

நகத்தால் அழுத்துங்கள். தடம் விழுந்தால் அது முற்றாத காய், வேண்டாம். பளபளப்பு போய் மங்கலாக இருக்க வேண்டும். காம்பு காய்ந்து கட்டையாக இருக்க வேண்டும், காம்பே இல்லாத காயை இனாமாகக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள். காம்பு ஒடிந்த இடம்தான் கிருமி நுழைகிற வாசல். பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள், காம்பைப் பிடித்துத் தூக்கக் கூடாது, அடியில் இரண்டு கையும் கொடுத்துத் தூக்க வேண்டும்.

அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். மண்ணில் படுத்திருந்த இடம் மஞ்சளாக இருக்கும், அது பரவாயில்லை. அங்கே விரல் அமுங்கினால் வேண்டாம்.

ஆயர் ஈத்தாம் அக்கா

செலாயாங் தம்பி சொன்னது சரி. வெள்ளைப் பூசணியையும் சேர்த்துக்கொள்ளுங்கள் மல்லிகை. ஆயுத பூஜை இந்த வருடம் அக்டோபர் 1, அதற்காகக் கடைகளில் நிறைய வந்து இறங்கும். அதன் மேலே சாம்பல் பூத்த மாதிரி ஒரு மெழுகு இருக்கிறது பாருங்கள், அதுதான் அதற்குக் காவல். முற்றிய காயாக இருந்தால் வெளியே வைத்தே மாதக்கணக்கில் இருக்கும். நிறமும் மூன்கேக் மேசைக்குப் பொருத்தமாக நிலா மாதிரி.

பத்துமலை அடிவாரம்

வெள்ளைப் பூசணி திருஷ்டி கழிக்கிற காய். அதைப் பிள்ளைகள் கையில் கொடுத்துப் பூப் போடச் சொல்வது எங்கள் வீட்டில் நடக்காது. என் மாமியார் ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்.

கோலப்பொடி

சார், ஊர்ப்பக்கம் கட்டுகிற வீட்டு வாசலில் அதே காயில் கோர மீசையும் பிதுங்கிய கண்ணும் வரைந்து கயிற்றில் தொங்கவிடுவார்கள். அதைச் செதுக்குவதில்லையே, வரையத்தானே செய்கிறார்கள்? இந்த இழையில் பேசுவதற்கு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிற உதாரணம் அதுதான்.

பத்துமலை அடிவாரம்

அது அதற்கான இடத்தில், அதற்கான காரணத்தோடு. லிஃப்ட் முன்னால் இல்லை.

ஆயர் ஈத்தாம் அக்கா

சரி சரி. அதே காயில்தானே மோர்க்குழம்பும் வைக்கிறோம்? இது வீட்டுக்கு வீடு மாறும். மல்லிகை, உங்கள் கொண்டோவில் இருக்கிற நம் ஆட்களை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். யாருக்காவது மனம் ஒப்பவில்லை என்றால் வெள்ளையை விட்டுவிட்டு லாபுவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்காக ஒரு சண்டை வேண்டாம்.

கோலப்பொடி

நான் தமிழ்ப்பள்ளியில் ஓவியம் சொல்லித்தருகிறேன். பெயிண்ட் பற்றி விரிவாக எழுதுகிறேன், பிள்ளைகள் கூட்டம் என்றால் பாதி வேலை முன்னேற்பாடுதான்.

முதலில் கழுவுவது. வண்ணம் பூசி, பிறகு சாப்பிடப் போவதில்லை என்கிற காய்களுக்கு, நான்கு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி குளோரோக்ஸ் (துணி வெளுக்கும் பிளீச் திரவம்) கலந்து துணியில் நனைத்துத் துடையுங்கள். தோலில் ஒட்டியிருக்கிற பூஞ்சைக் கிருமி குறையும். குளோரோக்ஸோடு வினிகரைச் சேர்க்கவே கூடாது, விஷவாயு வரும். இரண்டும் சுத்தம் செய்யும் பொருள்தானே என்று சேர்த்துக் கலக்குகிற ஆட்கள் இருக்கிறார்கள். இதைப் பெரியவர்கள் முந்தின நாளே செய்துவிட வேண்டும், பிள்ளைகள் கையில் வேண்டாம். துடைத்த பிறகு ஃபேன் காற்றில் நன்றாக உலர வேண்டும். வரிகளுக்கு இடையிலும் காம்பைச் சுற்றியும் ஈரம் தங்கும், அங்கே தனியாகத் துடைத்துவிடுங்கள்.

பெயிண்ட் என்றால் அக்ரிலிக். பள்ளியில் தருகிற போஸ்டர் கலர் காய்ந்ததும் தோலிலிருந்து பொருக்குப் பொருக்காக உதிரும், வியர்த்த கை பட்டால் கரையும். பச்சைத் தோலில் மஞ்சளோ ரோஸோ நேரடியாகப் பூசினால் நிறம் எடுக்காது. வெள்ளை அக்ரிலிக் மெல்லிசாக இரண்டு பூச்சு அடித்துக் காயவிட்டு, அதன் மேல் நிறம். ஒரே பூச்சாகக் கெட்டியாக அப்பினால் வெடிக்கும். மணல்தாள் போட்டுத் தேய்க்கச் சொல்லி வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். இந்த ஊருக்கு வேண்டாம், கீறல் விழுந்த தோல் இந்த ஈரத்தில் தாங்காது. வெள்ளைப் பூசணி என்றால், மேலே இருக்கிற மெழுகுப் பொடியை வண்ணம் படுகிற இடத்தில் மட்டும் துடையுங்கள். முழுக்கத் துடைத்தால் அக்கா சொன்ன காவல் போய்விடும்.

எனக்குப் பிடித்த முறை வண்ணமே பூசாமல் வெள்ளை அக்ரிலிக் பேனாவால் கோலம் வரைவது. கரும்பச்சை லாபுவின் வரிகளே கட்டம் பிரித்துக் கொடுக்கின்றன. காம்பைச் சுற்றி ஒரு பூ, ஒவ்வொரு வரியிலும் இறங்குகிற ஒரு கொடி, அவ்வளவுதான். மருதாணி டிசைன் தெரிந்த அக்காமார் கூட இருந்தால் ஒரு மணி நேரத்தில் ஏழெட்டுக் காய் முடியும். எந்த மதத்துப் பிள்ளையும் உட்கார்ந்து செய்யலாம், பேயும் இல்லை பூதமும் இல்லை.

சின்னப் பிள்ளைகளுக்கு: காயைச் சுற்றிக் காகித டேப்பை அங்கங்கே ஒட்டிவிட்டு, ஸ்பாஞ்சைக் கையில் கொடுத்து ஒற்றச் சொல்லுங்கள். காய்ந்ததும் டேப்பை உரித்தால் கோடு கோடாக வரும். நான்கு வயதுப் பிள்ளைக்கும் "நான் செய்தேன்" என்று காட்ட ஒன்று கிடைத்துவிடும்.

கடைசியில் ஸ்பிரே வார்னிஷ் அடிக்க நினைத்தால் நேரம் பார்த்து அடியுங்கள். மழை வருகிற சாயங்காலம் காற்றில் ஈரம் ஏறியிருக்கும்போது அடித்தால் வார்னிஷ் பால் கலந்த மாதிரி வெளுத்துவிடும். வெயில் உள்ள முற்பகலில், திறந்த இடத்தில், பிள்ளைகள் இல்லாதபோது அடியுங்கள். உள்ளே கூரைக்குக் கீழ் இருக்கப் போகிற காய்க்கு வார்னிஷ் தேவையே இல்லை என்பது என் கருத்து.

குண்டூசியும் தம்ப்டேக் ஊசியும் குத்தி அலங்கரிப்பது என்று ஒரு பழக்கம் வந்திருக்கிறது. அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு குத்தும் ஒரு ஓட்டை. செதுக்காமல் இருப்பதன் லாபமே தோல் முழுசாக இருப்பதில் இருக்கிறது. ஒட்டுங்கள், கட்டுங்கள், குத்தாதீர்கள்.

ஆயர் ஈத்தாம் அக்கா

டீச்சர் நல்லா எழுதியிருக்கிறீர்கள். ஆனால் எனக்குப் பெயிண்டே வேண்டாம். நல்ல லாபுவை, ஐந்து ஆறு பேர் சாப்பிடக் கூடிய காயை, வண்ணம் பூசிக் குப்பையில் போடுவது மனதுக்கு ஒப்பவில்லை. மல்லிகையும் சமையலுக்குப் போகணும் என்றுதானே கேட்டாள்?

பெயிண்ட் இல்லாமல் எவ்வளவோ செய்யலாம். பழைய பட்டுப் புடவைக் கரை இருந்தால் பெல்ட் மாதிரி நடுவில் சுற்றி, பின்னால் நூலால் கட்டிவிடுங்கள். ஊர் முழுக்க பாத்தேக் (பாதிக்) துணித் துண்டு கிடைக்கிறது, நம் மலாய் அண்டை வீட்டார் ஒன்று கொடுத்தால் இன்னும் நன்றாக இருக்கும். சுங்கடித் துணி, கண்ணாடி வளையல், குஞ்சம், எதுவும் ஆகும். காம்பில் மாவிலைத் தோரணம் கட்டுங்கள். மல்லிகைச் சரம், செவ்வந்திச் சரம் தீபாவளிக்கு முந்தின நாள் சுற்றி, வாடியதும் எடுத்துவிடலாம். பினாங்கில் லெபோ பாசாரிலும் அங்கே பிரிக்பீல்ட்ஸிலும் சரம் கிடைக்காத நாள் உண்டா?

ஒரு எச்சரிக்கை. காயை முழுக்கத் துணியால் மூடாதீர்கள். உள்ளே வேர்த்து, துணிக்கு அடியில் பூஞ்சை பிடித்துவிடும். வாரம் ஒரு தடவை அவிழ்த்துப் பார்த்து, துடைத்துக் கட்டுங்கள்.

செந்தூல் மல்லிகை

அக்கா, டீச்சர், இரண்டு பேருக்கும் நன்றி. பெயிண்ட் அடித்த காயின் தோலைச் சீவிவிட்டு உள்ளே இருப்பதைச் சமைக்க முடியாதா?

கோலப்பொடி

சாதாரண அக்ரிலிக் உணவுக்கான வண்ணம் இல்லை. நச்சு இல்லை என்று டப்பாவில் போட்டிருந்தாலும் அது கையில் படுவதற்குச் சொல்வது, சாப்பிடுவதற்கு இல்லை. வார்னிஷ் ஸ்பிரே அடித்திருந்தால் கேட்கவே வேண்டாம். சீவும்போது கத்தி அந்தப் பூச்சைச் சதைக்குள் இழுத்துக்கொண்டு போகும். பெயிண்ட் அடித்ததைச் சமைக்காதீர்கள் என்பதுதான் என் பதில். தோலைத் தடிமனாகச் சீவி எறிந்துவிட்டு சதையை உரக் குழிக்குப் போடலாம்.

அக்காவின் பக்கமும் எனக்குப் புரிகிறது. ஆகவே பிரித்துவிடுங்கள். சின்னதாக, விலை குறைவானதாக நாலைந்து காய் பெயிண்டுக்கு. பெரியதெல்லாம் கட்டுவதற்கு மட்டும், சமையலுக்கு.

ஆயர் ஈத்தாம் அக்கா

சமையல் காயிலும் கோலம் வேண்டும் என்றால் சாக்பீஸ் இருக்கிறதே. தண்ணீரில் நனைத்து வரைந்தால் வாசலில் வருகிற மாதிரியே கெட்டியாக வரும். பிறகு கழுவிவிட்டுத் தோலைச் சீவிச் சமைக்கலாம். அரிசி மாவுக் கரைசலை மட்டும் தொடாதீர்கள். இரண்டாம் நாள் எறும்பு வரிசை கட்டும், அதன் பிறகு பூஞ்சை.

டொரொண்டோ பேரத்தி

நான் பினாங்கு ஜெலுத்தோங்கில் பிறந்தவள், இப்போது கனடாவில். இங்கே அக்டோபர் இரண்டாம் திங்கள் நன்றி அறிவிப்பு நாள், இந்த வருடம் 13ஆம் தேதி. வீட்டு வாசல் படியில் அப்போதே காய்கள் வந்து உட்கார்ந்துவிடும். செதுக்காத காய் இந்தக் குளிரில் நவம்பர் வரை நிற்கும். செதுக்கியது இங்கேயே ஒரு வாரம் தாண்டுவது கஷ்டம். உங்கள் ஊரில் இரண்டு மூன்று நாள் தாங்கினால் பெரிய விஷயம்.

சும்மா அண்ணனுக்கு ஒரு செய்தி: செதுக்குகிற வழக்கமே அயர்லாந்திலிருந்து வந்தது, அங்கே டர்னிப் கிழங்கைத்தான் குடைந்தார்கள். அமெரிக்கா வந்த பிறகுதான் பரங்கிக்காய். காயோ அமெரிக்கக் கண்டத்துக்காரர்களுடையது. மெக்சிகோவின் ஒஹாக்கா பகுதிக் குகையில் கிடைத்த விதைகள் சுமார் 10,000 வருடம் பழையவை. ஆளாளுக்கு எடுத்து அவரவர் ஊருக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொண்டதுதான். செந்தூலில் கோலம் போட்டால் என்ன குறை?

இங்கே வெள்ளை நிறத்தில் கைக்குள் அடங்குகிற பேபி பூ என்று ஒரு ரகம் உண்டு. அங்கே எங்காவது கண்ணில் பட்டால் வெயில் படாத இடத்தில் வையுங்கள், வெயிலில் மஞ்சளடித்துவிடும்.

சும்மா ஒரு கேள்வி

குறை ஒன்றும் சொல்லவில்லை அம்மா. நமக்கும் இலையுதிர் காலம் உண்டு, அது அக்டோபரில் வராது என்றுதான் சொல்ல வந்தேன். நான் தோட்டத்தில் வளர்ந்தவன். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை ரப்பர் மரம் சிவந்து மஞ்சளாகி மொத்தமாகக் கொட்டும். நிரை முழுக்க நடந்தால் சருகுச் சத்தம். அப்போது பால் குறையும், கையில் காசும் குறையும். அதுதான் எங்களுக்குத் தெரிந்த இலையுதிர் காலம்.

பரங்கிக்காய் மேசையில் மேப்பிள் இலை மாதிரி பிளாஸ்டிக் இலையை ஒட்டப் போகிறீர்கள் என்றால் தயவுசெய்து வேண்டாம். ரப்பர் இலையை வையுங்கள்.

கோலப்பொடி

அண்ணே! இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! ரப்பர் இலையின் நரம்பு மட்டும் வலை மாதிரி நிற்க, பச்சையெல்லாம் போன பிறகு கிடைக்கிற இலை, கைவினைக் கடைகளில் விற்பார்கள். வாழ்த்து அட்டையில் ஒட்டுவார்கள். அதைப் பரங்கிக்காய் மேல் ஒட்டினால் தோலின் நிறம் உள்ளேயிருந்து தெரியும்.

வீட்டிலும் செய்யலாம். துணி துவைக்கிற சோடாவை (வாஷிங் சோடா) தண்ணீரில் போட்டு, முற்றிய இலைகளை மெல்லக் கொதிக்கவிட வேண்டும். பச்சை இளகியதும் எடுத்துத் தட்டில் தண்ணீர் விட்டுப் பழைய பல் பிரஷ்ஷால் மெதுவாகத் தட்டினால் சதை போய் நரம்பு நிற்கும். சமையல் பாத்திரத்தில் செய்யாதீர்கள், கையுறை போடுங்கள். வாளியில் வாரக்கணக்கில் ஊறவைப்பதும் ஒரு முறைதான், ஆனால் இந்த ஊரில் யாரும் செய்யாதீர்கள், கொசு.

ஒட்டுவதற்கு வெள்ளைக் கோந்தில் கொஞ்சம் தண்ணீர் கலந்து, தோலில் தடவி, இலையை வைத்து, மேலே இன்னொரு பூச்சு. ஒன்று நினைவிருக்கட்டும்: இந்த ஈரத்தில் வெள்ளைக் கோந்து காய்ந்த பிறகும் கையில் பிசுபிசுக்கும். மெல்லிசாகப் பூசி, ஒரு ராத்திரி ஃபேன் அடியில் விட்டால் சரியாகும். காய்களை ஒன்றோடு ஒன்று உரசி அடுக்காதீர்கள்.

சும்மா ஒரு கேள்வி

இந்த மாதம் தோட்டத்துப் பக்கம் போனால் ரப்பர் கொட்டை வெடித்து விழுந்து கிடக்கும். பளபளவென்று, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு புள்ளி. சின்ன வயதில் தரையில் தேய்த்துச் சூடாக்கி அடுத்தவன் கையில் வைப்போம். அதைக் காம்பைச் சுற்றி ஒட்டலாம். காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

ஆயர் ஈத்தாம் அக்கா

பச்சைக் கொட்டையில் விஷம் இருக்கிறது தம்பி, பிள்ளைகள் கடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சின்னதுகள் மேசையில் அது வேண்டாம், பெரிய பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

சாகா விதையும் ஒட்டலாம், நம் மஞ்சாடி. முழுக்கச் சிவப்பாக இருக்கும். ஆனால் குன்றிமணியை அதோடு கலந்துவிடாதீர்கள். குன்றிமணிக்குக் கருப்புக் கண் உண்டு, அது கொடிய விஷம். சந்தேகம் வந்தால் எதையும் எடுக்காதீர்கள்.

செந்தூல் மல்லிகை

ரப்பர் இலை யோசனை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. குழுவில் சொன்னேன், எங்கள் மாடியில் இருக்கிற சீன அங்கிள், சிறுவயதில் சுங்கை சிப்புட்டில் ரப்பர் தோட்டத்தில் இருந்தவராம், இலை கொண்டுவர அவரே ஒப்புக்கொண்டார்.

இப்போது வைக்கிற இடம் பற்றிக் கேட்க வேண்டும். மேசை கூரைக்குக் கீழேதான், ஆனால் ஒரு பக்கம் திறந்தவெளி, சாரல் அடிக்கும். உள்ளே தள்ளினால் ஏர்கோன் வருகிற அலுவலகக் கதவுக்கு அருகில் போகும்.

செலாயாங் காய்கறி

ஏர்கோன் அருகில் வைத்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். பகலில் உள்ளே ராத்திரி வெளியே என்று மாற்றினால் குளிர்ந்த தோலில் வேர்வை பூக்கும், அந்த ஈரம் போதும் கெட்டுப்போக. நேர் வெயிலும் வேண்டாம். காற்றோட்டமும் நிழலும்தான் முக்கியம். சேமிப்புக்குச் சரியான சூடு என்று புத்தகத்தில் போட்டிருப்பது 10இலிருந்து 13 டிகிரி, அது நமக்குக் கேமரன் மலையிலேயே கஷ்டம். ஆகவே மாதக் கணக்கில் நிற்கும் என்று எழுதியிருப்பதை அப்படியே நம்பாமல், முற்றிய காயாகப் பார்த்து வாங்கி நான்கைந்து வாரம் என்று கணக்கு வையுங்கள். ஒன்றிரண்டு உபரியாக வாங்கி வைப்பது நல்லது.

காயைச் சிமெண்டிலோ கண்ணாடியிலோ நேரடியாக வைக்காதீர்கள், அடியில் ஈரம் தங்கும். அட்டையோ, வைக்கோலோ, பனை ஓலைத் தடுக்கோ போடுங்கள். சந்தையில் நாங்கள் மரப் பெட்டியில்தான் வைப்போம், அதைக் கவிழ்த்துப் போட்டாலே மேசை அலங்காரம் மாதிரி இருக்கும்.

வாழைப்பழச் சீப்பைப் பக்கத்தில் வைக்காதீர்கள். நம் ஆட்கள் பூசணிக்காய் இருந்தால் உடனே ஒரு சீப்புப் பழத்தையும் வைத்துவிடுவார்கள். பழுக்கிற பழம் விடுகிற வாயு காயைச் சீக்கிரம் முதுமையாக்கும். ஆப்பிளும் அப்படித்தான்.

தினமும் ஒரு தடவை அடியைத் தடவிப் பாருங்கள். மெத்தென்று ஆன காயை அன்றைக்கே எடுத்துவிடுங்கள், பக்கத்துக் காய்க்கும் தொற்றும்.

பத்துமலை அடிவாரம்

சாரல் அடிக்கிற இடம் என்றால் காய்க்கு அடியில் பூந்தொட்டித் தட்டு வைக்காதீர்கள். தண்ணீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். சுகாதார அதிகாரிகள் பரிசோதனைக்கு வந்தால், நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975ஆம் வருடச் சட்டப்படி அபராதம் எழுதுவார்கள், அலங்காரம் என்று பார்க்க மாட்டார்கள். ஹாலோவீனுக்குக் குடைந்த காயை வெளியே மழையில் விடுகிறவர்களுக்கும் இதையே சொல்வேன்.

இன்னொன்று, தீபாவளிக்குக் காயின் தலையில் அகல் விளக்கை ஏற்றி வைக்க யாராவது ஆசைப்படுவார்கள். எண்ணெய் வழிந்து, சூட்டில் தோல் வெந்துவிடும். பெயிண்டும் கோந்தும் துணியும் இருக்கிற மேசையில் நெருப்பே வேண்டாம். பேட்டரி எல்இடி சரத்தை வளைத்து விடுங்கள், அகலைத் தனியாகத் தரையில் வையுங்கள்.

ஆயர் ஈத்தாம் அக்கா

எங்கள் பக்கத்தில் கொசுவைவிடக் குரங்குதான் தொல்லை. மலை அடிவாரத்தில் வெளியே எதை வைத்தாலும் கேரா வந்து தூக்கிக்கொண்டு போகும். குரங்கு வருகிற தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருப்பவர்கள் பெயிண்ட் அடித்த காயை வெளியே வைக்காதீர்கள், அது கடித்துப் பார்க்காமல் விடாது.

செந்தூல் மல்லிகை

சரி, இப்படி முடிவு செய்திருக்கிறேன். பெரிய லாபு எட்டு, துணியும் சாக்பீஸ் கோலமும் மட்டும். சின்னது ஆறு, பெயிண்டுக்கும் ரப்பர் இலைக்கும். வெள்ளைப் பூசணி வேண்டாம், கேட்டுப் பார்த்தேன், இரண்டு வீட்டில் தயங்கினார்கள். மூன்கேக்குக்குக் காகித விளக்கு மேலே தொங்கும், தீபாவளிக்குப் பூச்சரமும் எல்இடியும் சேரும், அதன் பிறகு மாதக் கடைசி வரை இலையும் காயும் மட்டும். பேய் இல்லை.

நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை துணியை அவிழ்த்துக் கழுவி, நல்ல நிலையில் இருக்கிற காயெல்லாம் சமையல். அக்கா, நூறு பேர் வரலாம். எது வைத்தால் சைவம், மலாய், சீன எல்லாருக்கும் ஆகும்?

ஆயர் ஈத்தாம் அக்கா

பெங்காட் வையுங்கள், மலாய்க்காரர்கள் வைக்கிற தேங்காய்ப்பால் இனிப்பு. லாபு, தேங்காய்ப்பால், குலா மெலாக்கா (தென்னை வெல்லம்), பாண்டான் இலை, கொஞ்சம் உப்பு. முட்டை இல்லை, மாமிசம் இல்லை, யாரும் ஒதுங்க வேண்டியதில்லை. லாபு துண்டு குழையாமல் இருக்க முதலில் சர்க்கரைப் பாகில் வேகவிட்டு, தேங்காய்ப்பாலைக் கடைசியில் ஊற்றி, பொங்கவிடாமல் இறக்குங்கள். நம் ஆட்களுக்குத் தனியாகப் புளிக்குழம்பு ஒரு பானை வைத்தால் போதும், காரம் தேடுகிறவர்கள் அந்தப் பக்கம் வந்துவிடுவார்கள்.

வெட்டும்போது உள்ளே நார் கருத்திருந்தாலோ, புளித்த வாடை வந்தாலோ, கசந்தாலோ அந்தக் காயை அப்படியே எறிந்துவிடுங்கள். கசப்புப் பரங்கிக்காய் வயிற்றைக் கெடுக்கும்.

புக்கிட் மெர்தாஜாம் பையன்

இப்போதுதான் முழுக்கப் படித்தேன். சமைத்த பிறகு விதையை என்ன செய்வீர்கள்? நட்டால் வருமா?

செலாயாங் காய்கறி

நம்ம ஊர் லாபு விதை நன்றாக முளைக்கும். முற்றிய காய்தானே, கழுவி நிழலில் காயவைத்து நடலாம். வெளிநாட்டு ஆரஞ்சுக் காய் பெரும்பாலும் வீரிய ஒட்டு (கலப்பின) ரகம், விதை போட்டால் அதே மாதிரி வராது, நம் ஈரத்தில் இலையில் வெள்ளை நோயும் சீக்கிரம் பிடிக்கும்.

நவம்பர் முதல் வாரம் நட்டால், மார்கழி பாதிக்குள் பூ வந்துவிடும். கோலத்தில் வைக்க ஆண் பூவை மட்டும் பறியுங்கள், மெல்லிய நீளக் காம்பு இருக்கும். பூவுக்கு அடியில் குட்டிக் காய் உருண்டையாகத் தெரிந்தால் அது பெண் பூ, விட்டுவிடுங்கள்.

செந்தூல் மல்லிகை

பால்கனித் தொட்டியில் வருமா அண்ணே? ஒன்பதாவது மாடி.

செலாயாங் காய்கறி

கொடி பதினைந்து அடி ஓடும் தங்கச்சி, எட்டாவது மாடிக்காரர் காய் பறிப்பார். தரை வீட்டில் சொந்தக்காரர் யாராவது இருந்தால் அவர் வேலியோரம் நட்டுவிடுங்கள்.

சும்மா ஒரு கேள்வி

எங்கள் வீடு ரவாங்கில், வேலி நீளமாக இருக்கிறது. விதையைத் தனிச் செய்தியில் பேசிக்கொள்வோம்.